குளித்துத் திரும்பிய டேப் ரெக்கார்டர்

"அரசுக்குச் சொந்தமான ஒலி, ஒளிக் கருவி எதுவும், மேலதிகாரியின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல், ஓர் இரவுகூட அலுவலகத்துக்கு வெளியே தங்கக்கூடாது." எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. சொற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பொருள் இதுதான். வயது வந்த பெண்பிள்ளைக்குக்கூட நம் ஊரில் இவ்வளவு கட்டுக்காவல் கிடையாது. விதி எனக்கு மனப்பாடம். அதைச் சுற்றறிக்கையாக அடித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தவனே நான்தான்.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு சுகாதார அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். டாக்டர்கள் வருவார்கள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றல் வாங்கிப் போவார்கள். எனக்கு எல்லாக் குளிரும் ஒத்துக்கொண்டது.

மேலே சொன்ன கருவி ஒரு டேப் ரெக்கார்டர். தாய்மார்களுக்கும் வயதுக்கு வந்த பெண்களுக்கும் உடல்நலம் பற்றிச் சொல்ல மெட்ராஸிலிருந்து கேசட்டுகளோடு அனுப்பியிருந்தார்கள். முதலில் வீணை வாசிக்கும். பிறகு ஓர் அம்மையார், "கருவுற்ற தாய்மார்களே, ஊட்டச்சத்து மிக்க உணவினை நாள்தோறும் உட்கொள்ளுங்கள்" என்பார். காப்பி எஸ்டேட் ஒன்றில் அதைப் போட்டுக் காட்டினோம். பழம் பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருத்தி, "சேதி முடிஞ்சுதுங்களா? பாட்டு எப்பங்க போடுவீங்க?" என்றாள். அன்று பீரோவுக்குள் போன பெட்டி, வெகுநாள் வெளியே வரவில்லை.

அதை வெளியே இழுத்தவர் எங்கள் நர்சம்மா. பதவிப் பெயர் நீளம். மலையில் எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மலையடிவாரத்துக் குப்பனூர்க்காரர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவர் மேலே ஏற்காட்டில் திட்டினால் கீழே குப்பனூரில் குழந்தை அழும் என்று எங்கள் ஜீப் டிரைவர் சொல்வார். தன்னடக்கம் என்ற பொருளை அவர் கையிருப்பில் வைத்துக்கொண்டதே இல்லை.

ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், அந்தப் பொட்டிய எனக்குக் குடுங்க."

"எதற்கு?"

"பீரோவுல அடை வெச்சிருக்கீங்களே, குஞ்சு பொரிக்குமானு பாக்கறதுக்கு."

பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். தலைச்சோலைக்கு அப்பால், பஸ் நிற்கிற இடத்திலிருந்து தோட்டங்களுக்கு நடுவே வெகுதூரம் நடந்து போகவேண்டிய ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டு மருமகள், இருபது வயதுகூட இருக்காது. முதல் பிரசவத்தில் முகம் வீங்கி, தலைவலி தலைவலி என்று சுருண்டு கிடந்து, கடைசியில் வலிப்பு வந்துவிட்டது. வீட்டில் சாமி வந்திருக்கிறது என்று நினைத்து வேப்பிலை அடித்தார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. அந்தப் பெண் எப்படியோ பிழைத்தாள். இப்போது மறுபடியும் நான்கு மாதம்.

"இன்னொருக்கா மூஞ்சி வீங்கி, வீட்டோட வெச்சிருந்தாங்கன்னா அந்தப் புள்ள தங்காது சார். பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் நான் அந்தப் பக்கம் போறேன். நடுவுல யாரு பாப்பா?"

"வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே?"

"சொல்லாமயா இருப்பேன்? வாசல்ல ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. பொம்பளைங்க முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. மாமியாக்காரி, 'சரீங்க, சரீங்க'ன்னு காப்பியக் குடுத்து அனுப்பிடறா. காப்பி நல்லா இருக்குது, அது வேற விஷயம்."

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் போய்த் தங்குவார்கள். எப்போது போனாலும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அடுப்பு வேலை இல்லை, தோட்ட வேலை இல்லை, ஆண்கள் அந்தத் திசைக்கே வரமாட்டார்கள். நர்சம்மாவின் கண் அந்தக் குடிசைமேல் விழுந்திருந்தது.

"அந்தக் குடிசைய ஒரு நாளைக்கு நானே நின்னு இடிப்பேன் சார். இடிக்கிற வரைக்கும் அதுதான் என் பள்ளிக்கூடம். மாசா மாசம் தானா வந்து உக்காந்தாகணும். ஒருத்தியும் மட்டம் போட முடியாது. என் பேச்ச டேப்புல புடிச்சு அங்க விட்டுட்டு வந்துட்டேன்னா, நான் இல்லாத நாள்லயும் நான் பேசிக்கிட்டிருப்பேன்."

எத்தனையோ பயிற்சி முகாம்களுக்கு நான் மண்டபம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். வடை கொடுக்கும் வரை கூட்டம் இருக்கும், வடை முடிந்ததும் பேனர் மட்டும் இருக்கும். வடை இல்லாமல், முழு வருகையோடு, கேட்பவர்களுக்கு வேறு வேலையே இல்லாத ஒரு வகுப்பறையை இந்த அம்மாள்தான் கண்டுபிடித்திருந்தார். நான் வாய் திறந்து பாராட்டவில்லை. பாராட்டினால் அவர் இன்னும் சத்தமாகப் பேசுவார்.

அன்றே அனுமதி கேட்டு ஒரு கடிதம் தயாரித்து, தக்க வழியாக அனுப்பினேன். தக்க வழி என்பது, ஒரு கடிதம் போகக்கூடிய வழிகளிலேயே மிக நீளமானது. பதில் வரும்வரை அந்தப் பெண்ணின் வயிறு காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். விதிகளை மேலும் புரட்டினேன். பழுதுபார்க்கக் கொடுத்த கருவி பழுது நீங்கும்வரை வெளியே இருக்கலாம், காலவரம்பு இல்லை. விதியை எழுதியவர் யாரோ, நம் ரேடியோ ரிப்பேர்க்காரர்களை நன்றாக அறிந்தவர். டேப் ரெக்கார்டர் பழுதுபார்ப்புக்குப் போனது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். சேலத்திலிருந்து வந்து மலையிலேயே தங்கிவிட்ட குடும்பம். முன்னால் கடை, பின்னால் வீடு. மெட்ராஸ் அம்மையாரை அழித்துவிட்டு நர்சம்மாவின் குரலைப் பதிவதென்று ஏற்பாடு. பேசப்போகிற விஷயம் என்னவென்று தெரிந்ததும் பாய் எழுந்துகொண்டார்.

"பட்டனெல்லாம் வீட்டம்மா அமுத்திக்கும். நான் வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன். உள்ள பேசறது எதுவும் என் காதுல விழாது. விழுந்தாலும் விழலைன்னுதான் சொல்லுவேன்."

பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்வையிடும் கடமை எனக்கு இருந்ததால் நானும் அவரோடு வெளியே நின்றேன். உள்ளே நர்சம்மா பேசினார். பாயின் மனைவி நடுநடுவே நிறுத்தி, "இது வேணாங்க, எனக்கே புரியல, ஊட்ல பேசற மாதிரிச் சொல்லுங்க" என்று திருத்தினார். கொஞ்ச நேரத்தில் பாயால் பொறுக்க முடியவில்லை. தெருவைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார்:

"நர்சம்மா, துணின்னு சொல்ற எடத்துல மட்டும் சத்தம் எறங்குது! அது என்ன திருட்டுத் துணியா? தைரியமாச் சொல்லுங்க!"

"உங்க காதுல விழாதுன்னீங்க?"

"விழலைங்க. மீட்டர்ல முள்ளு எறங்குது, அதச் சொன்னேன்."

பிறகு துணி என்ற சொல் தெரு முழுக்கக் கேட்டது.

கேசட்டை நான் ஒருமுறை முழுதாகக் கேட்டேன். வீணை இல்லை. எடுத்ததும், "ஏனுங்க புள்ளைங்களா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தது. வயதுக்கு வருவது வியாதி இல்லை, பயந்து அழவேண்டாம் என்று சிறுபெண்களுக்குச் சொன்னது. சத்து மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகத்தான் போகும், அதற்காக மாத்திரையைக் கோழிக்கு வீசாதீர்கள் என்றது. "மாசமா இருக்கறவளுக்கு மூஞ்சி வீங்கித் தலையும் வலிச்சுதுன்னா, கண்ணு மங்குச்சுன்னா, ஒரு நிமிசம் ஊட்ல வெக்காதீங்க. பஸ் வர்ல, மழை வருது, நாளு நல்லால்லன்னு ஒரு பேச்சும் எனக்கு வேண்டாம். தூக்கிக்கிட்டு எறங்குங்க!" என்று அதட்டியது. கடைசியில் துணி பற்றிய பாடம். "குடிசையில பொழங்குற எதையும் அழுக்கோட வெக்காதீங்க. சோப்புப் போட்டு நல்லாத் தொவச்சு, நல்ல வெயில்ல காயப் போடுங்க. கூரை எறவாணத்துல ஒளிச்சு வெக்கறதெல்லாம் வேண்டாம்." இந்தத் துணிப் பாடத்தால் பின்னால் எனக்கு ஒரு விசாரணை வந்தது.

பெட்டி குடிசைக்குப் போனது. அலுவலக டார்ச்சுகள் அந்த ஆண்டு என்னவோ அடிக்கடி கண் மங்கின. புது பேட்டரிகள் எங்கே போயின என்று நானும் கேட்கவில்லை.

கர்ப்பிணி அந்தக் குடிசைப் பக்கம் போகமாட்டாள். அவளுக்குப் பாடத்தைச் சுமந்து வந்தது அவளுடைய நாத்தனார், பதினைந்து வயதுப் பெண். இரண்டே மாதத்தில் அவளுக்குக் கேசட் முழுவதும் மனப்பாடம். வார்த்தை மட்டுமல்ல, நர்சம்மாவின் இருமல், மூக்குறிஞ்சல், நடுவில் பஸ் ஹாரன் அடித்த இடம் எல்லாம். அந்தக் குரலிலேயே பேசி வீட்டையே சிரிக்க வைக்கிறாள் என்று நர்சம்மா வந்து புகார் சொன்னார். புகார் சொன்ன முகத்தில் பெருமை வழிந்தது.

ஏப்ரலில் நடக்கவேண்டிய இருப்புச் சரிபார்ப்பு வழக்கம்போல அக்டோபரில் வந்தது. சரிபார்க்கும் அதிகாரி பொருளைக் கண்ணால் பார்க்கவேண்டும். இரண்டு நாளைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று நர்சம்மாவிடம் சொன்னேன். அவர் ஊருக்குச் சொல்லி அனுப்பினார். பெட்டி சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி வந்து சேர்ந்தது. பட்டனை அழுத்தினேன். அசைவில்லை. தூக்கிப் பார்த்தேன், உள்ளே ஏதோ சலசலத்தது.

பாய் திருகாணிகளைக் கழற்றினார். மேஜையில் தண்ணீர் ஓடியது. மூக்கை அருகில் கொண்டு போனார்.

"சார், மஞ்ச வாசம் வருது. பொட்டி வயசுக்கு வந்துருச்சா? தண்ணி ஊத்திருக்காங்களே!"

ஸ்பீக்கருக்குள் சோப்பு நுரை காய்ந்திருந்தது. கேசட்டுக்குள் இருந்த நாடாவை முழுவதும் உருவி, அலசி, கொடியில் காயப்போட்டு, மறுபடி ஒரு குச்சியால் பொறுமையாகச் சுற்றி உள்ளே வைத்திருந்தார்கள். அந்த வேலையைப் பாய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கடைப் பசங்க ஒருத்தனுக்கும் இந்தக் கை கெடையாது சார்" என்றார்.

நர்சம்மா பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் சொன்னதத்தானே செஞ்சிருக்காங்க. எங்க போய்த் திட்டுவேன்?" பிறகு சிரிப்பு நின்றது. "அந்தப் புள்ளைக்கு இது எட்டாம் மாசம் சார். மழை வேற புடிச்சுக்கிச்சு. பேச வேண்டிய நேரத்துல ஊமையாயிடுச்சே."

சரிபார்க்க வந்த அதிகாரி பெட்டியைப் பார்த்தார். பொருள் இருக்கிறது, ஆனால் இயங்கவில்லை. சேதத்துக்கு யார் பொறுப்பு என்று நேரில் விசாரித்து வாக்குமூலங்களோடு அறிக்கை தருமாறு என்னைப் பணித்துவிட்டு மலை இறங்கினார்.

அடுத்த வாரம் நான் விசாரணைக்குப் புறப்பட்டேன். நர்சம்மா அன்று கிளியூர்ப் பக்கம் போயிருந்தார். விடாமல் தூறல், பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. ஜீப்பைத் தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டுக் குடையோடு ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். பாதி வழி போயிருப்பேன். பனிக்குள்ளிருந்து நர்சம்மாவின் குரல் கேட்டது.

"நடங்க, நடங்க! நின்னு என்ன பேச்சு? பஸ் வர்ல, மழை வருதுன்னு ஒரு பேச்சும் எனக்கு வேண்டாம்!"

கிளியூருக்குப் போனவர் இங்கே எப்படி என்று நான் திகைத்து நிற்க, பனியை விலக்கிக்கொண்டு ஒரு சிறுபெண் வந்தாள். பின்னால் இரண்டு ஆண்கள் மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டித் தூக்கி வந்தார்கள். தூளிக்குள் அந்த மருமகள். முகம் ஊதியிருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமியார், கையில் ஒரு துணி மூட்டையோடு.

"நாளைக்குப் போலாம்னுதானுங்க சார் நான் சொன்னேன்" என்றாள் மாமியார், மூச்சு வாங்க. "அமாவாசை கழியட்டும்னேன். எம்மவ நர்சம்மா கொரல்ல ஒரு கத்து கத்துனா பாருங்க. அந்தக் கொரலக் கேட்டா என் காலு தானா எந்திரிச்சுக்குதுங்க. எந்திரிச்ச பின்னாலதான் இவ எம்மவங்கறதே ஞாபகம் வருது. எந்திரிச்சது எந்திரிச்சாச்சுன்னு கெளம்பிட்டோம்."

தூளியை ஜீப்புக்குக் கொண்டுவந்தோம். டிரைவர் என்னைப் பார்த்தார். அலுவலக ஜீப்பில் பொதுமக்களை ஏற்றக்கூடாது என்ற விதியும் நான் சுற்றுக்கு விட்டதுதான். ஆனால் விசாரணைக்குத் தேவையான சாட்சிகளை ஏற்றலாம்.

"டேப் ரெக்கார்டரைக் கழுவியது யார்?" என்று கேட்டேன்.

"நாந்தானுங்க" என்றாள் சிறுபெண்.

"நீ முதல் சாட்சி. கூட யார்?"

"எங்கம்மா ரெண்டு தடவ அலசுனாங்க."

"இரண்டாம் சாட்சி. உன் அண்ணி என்ன செய்தாள்?"

"அண்ணி ஓடைக்கரையில நின்னுக்கிட்டு சோப்பு எடுத்துக் குடுத்துச்சுங்க."

"மூன்றாம் சாட்சி. ஏறுங்கள் எல்லோரும்."

ஏற்காட்டில் நிற்காமல் நேராகச் சேலத்துக்கு இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் சாயும்போதெல்லாம் மாமியார் ஏதேதோ சாமியைக் கூப்பிட்டாள். "சார், மூணாம் சாட்சிக்கு வாந்தி வருதுங்க" என்று டிரைவர் ஓரங்கட்டினார். என் பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து வேலை. வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தேன்.

"ஏன் கழுவினாய், கண்ணு?"

அவள் அண்ணியின் தலையை மடியில் வைத்திருந்தாள். கையை எடுக்காமல் பதில் சொன்னாள். "அந்தக் குடிசையில இருந்து ஊருக்குள்ள வர்றது எதுனாலும் குளிச்சுட்டுத்தானுங்க வரோணும். நாங்களே குளிச்சுட்டுத்தான் வர்றோம். இத்தன மாசம் எங்களோட ஒண்ணா இருந்த பொட்டி, அது மட்டும் அப்படியே வரலாமுங்களா? அதுவுமில்லாம, சோப்புப் போடச் சொல்லி நர்சம்மாவே அதுக்குள்ள இருந்து சொன்னாங்க. அவுங்க சொன்னா அவுங்களுக்கும் சேத்துத்தானுங்களே?"

இதற்கு மேல் குறுக்கு விசாரணை தேவைப்படவில்லை.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டு போனார்கள். இரத்த அழுத்தம் தலைக்கு மேல் போயிருந்தது. அமாவாசை கழியும்வரை காத்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வலிப்பு வரவில்லை. மறுநாள் ஒரு பெண்குழந்தை பிறந்தது. உள்ளங்கை அளவுதான். ஆனால் அழுத அழுகையில் அத்தையின் சாயல் இருந்தது.

நர்சம்மா முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார். வார்டுக்குள் நாங்கள் நுழையும்போது, அடுத்த கட்டில் கர்ப்பிணிகளுக்கு அந்தச் சிறுபெண் முழுக் கேசட்டையும் தன் வாயாலேயே போட்டுக்கொண்டிருந்தாள். கறுப்பாகப் போகும், கோழிக்கு வீசாதீர்கள், இருமல், பஸ் ஹாரன், எல்லாம். நர்சம்மா இடுப்பில் கைவைத்துப் பின்னால் போய் நின்றார்.

"ஏண்டி, நான் இப்படியாடி கத்தறேன்?"

அவள் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லீங்க நர்சம்மா. ஆஸ்பத்திரின்னு நான் கொஞ்சம் கொறச்சுத்தான் கத்துனனுங்க."

நர்சம்மா அந்தப் பெண்ணின் காதைத் திருகினார். பிறகு கட்டிலில் கிடந்தவளின் நெற்றியில் கைவைத்து, "தூங்கு கண்ணு" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

என் அறிக்கையில் எழுதினேன்: "கருவி சேதமடைந்தது எவருடைய கவனக்குறைவாலும் அல்ல. அதில் பதிவாகியிருந்த அறிவுரையை உரியவர்கள் முழுமையாகக் கடைப்பிடித்ததே காரணம்." எத்தனையோ ஆண்டுகள் எத்தனையோ அறிக்கைகள் எழுதினேன். இவ்வளவு உண்மையான வாக்கியத்தை வேறெங்கும் எழுதவில்லை. மேலிடத்தில் என்ன நினைத்தார்களோ, அறிக்கை பதிவு செய்யப்பட்டது என்று மட்டும் திருப்பி எழுதினார்கள்.

பாய் தன் கடையில் கிடந்த உதிரிகளை வைத்துப் பெட்டிக்கு உயிர் கொடுத்துவிட்டார். சத்தம் மட்டும் கொஞ்சம் கமறலாக வந்தது, சளி பிடித்திருக்கிறது என்றார். கேசட்டைப் புதிதாகப் பதிந்தார்கள். இந்தமுறை நர்சம்மாவோடு அந்தச் சிறுபெண்ணும் பேசினாள். பழைய பாடங்களோடு கடைசியில் ஒரு வரி கூடியது: "இந்தப் பொட்டிய மட்டும் தொவைக்காதீங்க. இதுக்குத் தீட்டு கெடையாது." அதைச் சொன்ன சிறுபெண், எழுதிக் கொடுக்காத இன்னொரு வரியைச் சேர்த்தாளாம்: "நமக்கும் கெடையாதுன்னு நர்சம்மா சொல்றாங்க." பாயின் மனைவி அதை அழிக்காமல் விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் கர்ப்பிணிகளுக்கான அறிவுரை கைபேசிக்கே வந்துவிடுகிறது. என் பேத்தி முறையுள்ள ஒருத்தி போட்டுக் காட்டினாள். நல்ல தெளிவான பெண் குரல். வீணை இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்த்தேன். இருந்தது.

பழைய கதைக்கே வருகிறேன். குழந்தை பிறந்ததற்கு அடுத்த மார்ச்சில் அதற்குக் காது குத்தினார்கள். நர்சம்மாவையும் என்னையும் பாய் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். தோடு வாங்கிக்கொண்டு அலுவலக வாசலில் ஜீப்புக்காக நாங்கள் நிற்கும்போது தபால் வந்தது. குழந்தை வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதில். கருவியை அலுவலகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள அனுமதி வழங்கியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கருவியை எப்போதும் தூய்மையாகப் பராமரிக்கவேண்டும்.

நர்சம்மாவிடம் நீட்டினேன். படித்தார். அவருடைய சிரிப்பு குப்பனூர்வரை கேட்டிருக்கும். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, தாளை வாங்கி, முறைப்படி அதன் மூலையில் வரப்பெற்ற நாளை எழுதினேன். அரசின் ஆண்டுக் கணக்கு முடிகிற நாள்: மார்ச் முப்பத்தொன்று.